மிதிவண்டியின் கியர்: பழுதறிந்து பின் பணம் செலவிடுவோம்

ஓசூரும் கிருஷ்ணகிரியும் ஒரே மாவட்டத்தில் உள்ளன. ஆனால் ஒரே மட்டத்தில் இல்லை. ஓசூர் கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து சூளகிரி வழியாகச் சுமார் 50 கிலோமீட்டர் கீழிறங்கி வந்தால் கிருஷ்ணகிரி. இரண்டு ஊர்களுக்கும் உயரத்தில் ஏறத்தாழ 400 மீட்டர் வேறுபாடு உண்டு. இடையில் உள்ள சிற்றூர்களிலிருந்து பள்ளிக்கு வரும் நம் மாணவியருக்கு இதனை எந்தப் புவியியல் நூலும் சொல்லித் தர வேண்டியதில்லை. அவர்களுடைய முழங்கால்களே சொல்லும். தஞ்சைச் சமவெளியில் மிதிவண்டி ஓட்டுபவர் கியரைப் பற்றி நினையாமலே வாழ்ந்துவிடலாம். மேடும் பள்ளமுமான நம் பகுதியில் அது இயலாது.

1970களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை தோன்றியது முதல், ஷிப்டு நேரத்தில் மிதிவண்டிகள் அணி அணியாகச் செல்வது இவ்வூரின் அன்றாடக் காட்சியாக இருந்தது. இன்று அந்தத் தொழிலாளர்களில் பலர் மோட்டார் வண்டிக்கு மாறிவிட்டனர். மிதிவண்டி அவர்களுடைய பிள்ளைகளின் கைக்கு வந்துள்ளது. அவற்றுள் கியர் வைத்த வண்டிகளும் பல. வாங்கிய சில மாதங்களில் "கியர் விழவில்லை", "செயின் குதிக்கிறது" என்னும் குறைகள் தொடங்குகின்றன. உடனே வீட்டில் ஒரு கேள்வி எழுகிறது: பழுது பார்ப்பதா, புதிய உயர்ந்த ரகக் கியர் போடுவதா? இக்கேள்விக்கு ஒழுங்கான முறையில் விடை காண்பதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

ஏன் இது பெரிய செய்தி?

மிதிவண்டி பெண்பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பொருள் அன்று. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின்போது, எழுதப் படிக்கக் கற்ற கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் மிதிவண்டி ஓட்டவும் கற்றுக்கொண்டனர். அன்று மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலாராணி சுங்கத் அவர்கள் அதற்குப் பெரிதும் ஊக்கமளித்தார். தமிழக அரசு 2001-02ஆம் ஆண்டில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கு விலையில்லா மிதிவண்டி வழங்கத் தொடங்கியது. பின்னர் 2005-06ஆம் ஆண்டு முதல், அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பதினோராம் வகுப்பு பயில்வோர் அனைவருக்கும் அத்திட்டம் விரிவாக்கப்பட்டது. பீகார் மாநிலம் 2006ஆம் ஆண்டில் ஒன்பதாம் வகுப்பு மாணவியருக்கு மிதிவண்டி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. அதனை ஆராய்ந்த பொருளியல் அறிஞர்கள், உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்களின் எண்ணிக்கை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடியதாகக் கண்டனர். பள்ளி 3 கிலோமீட்டருக்கு மேல் தொலைவில் இருந்த ஊர்களிலேயே பயன் மிகுதியாகக் கிடைத்தது.

இதிலிருந்து நாம் அறிவது யாது? ஓடும் மிதிவண்டி ஒரு பெண்ணைப் பள்ளியில் சேர்க்கிறது; நின்றுவிட்ட மிதிவண்டி அவளை வீட்டில் உட்கார்த்தி வைக்கிறது. மாலைச் சிறப்பு வகுப்புக்குப் பின் பேருந்து கிடைக்காத ஊர்களில் இது இன்னும் தெளிவு. ஆகவே கியர்ப் பழுதை விரைவாகவும் குறைந்த செலவிலும் தீர்ப்பது படிப்பைக் காப்பதற்கு ஒப்பாகும்.

கியர் என்ன செய்கிறது?

பௌதிகப் பாடத்தில் படித்த 'வேலை' என்பதை நினைவுகூர்வோம். 40 கிலோ எடையுள்ள மாணவி, 20 கிலோ எடையுள்ள வண்டியும் புத்தகப் பையும் சேர்ந்து 60 கிலோ. 200 மீட்டர் நீளமுள்ள சாலை 10 மீட்டர் உயர்கிறது என்க. அந்த மேட்டை ஏற 60 × 9.8 × 10 = 5,880 ஜூல் வேலை தேவை. உராய்வையும் காற்றின் தடையையும் விட்டுவிடுவோம். எந்த வண்டியானாலும் இந்த 5,880 ஜூல் குறையாது.

கியர் இல்லாத வண்டியில் முன்னால் 44 பற்களும் பின்னால் 18 பற்களும் இருப்பதாகக் கொள்வோம். சக்கரத்தின் சுற்றளவு 2 மீட்டர் எனில், பெடலை ஒருமுறை சுற்றினால் வண்டி 4.9 மீட்டர் செல்லும். 200 மீட்டருக்கு 41 சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் 143 ஜூல் கொடுக்க வேண்டும். கியர் வண்டியில் முன்னால் 24 பல், பின்னால் 28 பல் கொண்ட சிறிய கியரைப் போட்டால், ஒரு சுற்றுக்கு வண்டி 1.7 மீட்டரே செல்லும். 117 சுற்று சுற்ற வேண்டும்; ஆனால் ஒவ்வொரு சுற்றுக்கும் 50 ஜூல் போதும். ஆக, கியர் வேலையைக் குறைப்பதில்லை. அதனைச் சிறு சிறு கவளமாக்கிக் கொடுக்கிறது. மேட்டில் இறங்கித் தள்ளுவதற்கும் அமர்ந்தபடியே ஏறுவதற்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

இதனை உலகம் எளிதில் ஒப்புக்கொள்ளவில்லை. கியர் பலவீனர்களுக்கு உரியது என்றே பந்தய வீரர் பலர் கருதினர். 1902ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில் மலைப்பாங்கான வழியில் ஒரு சோதனைப் போட்டி நடந்தது. மூன்று கியர் வண்டியில் வந்த மார்த் எஸ் என்னும் பெண்மணி, கியரில்லா வண்டியில் வந்த புகழ்பெற்ற பந்தய வீரரை வென்றார். அப்படியும் பிரான்சின் பெரும் மிதிவண்டிப் பந்தயத்தில் கியர் மாற்றும் கருவிக்கு 1937ஆம் ஆண்டில்தான் பொது அனுமதி கிடைத்தது.

கருவியின் உறுப்புகள்

கைப்பிடியில் உள்ளது கியர் லீவர். அதிலிருந்து ஒரு மெல்லிய எஃகு ஒயர், உறைக்குள் ஓடிப் பின்சக்கரம் வரை செல்கிறது. அங்கே பிரீவீலின் கீழே தொங்கும் கருவியைச் 'செயின் மாற்றி' என்று இக்கட்டுரையில் அழைப்போம். அதில் இரண்டு சிறு பற்சக்கரங்கள் உண்டு. லீவர் ஒயரை இழுத்தால் செயின் மாற்றி உட்புறம் நகர்ந்து, செயினைப் பெரிய பல்வட்டத்தில் ஏற்றுகிறது. ஒயரைத் தளர்த்தினால் அதன் ஸ்பிரிங் வெளிப்புறம் இழுத்து, செயினைச் சிறிய பல்வட்டத்தில் இறக்குகிறது. முன்பக்கத்திலும் இவ்வாறே ஒரு கருவி உண்டு.

பின்னால் ஏழு பல்வட்டமுள்ள வண்டியில், ஒரு வட்டத்திற்கும் அடுத்ததற்கும் இடைவெளி ஏறத்தாழ 5 மில்லிமீட்டர். லீவர் ஒரு சொடுக்குக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் ஒயரை இழுக்கிறது. இவ்வளவு நுட்பமான அளவில் ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் செயின் இரண்டு வட்டங்களுக்கு நடுவே தடுமாறிச் சத்தமிடும். எனவே பெரும்பாலான குறைகளுக்குக் காரணம் அளவுப் பிசகும் அழுக்கும் தேய்மானமுமே.

பழுதை அறியும் முறை

எளியதிலிருந்து கடினமானதற்கும், செலவில்லாததிலிருந்து செலவுள்ளதற்கும் செல்வது நம் முறை. இரண்டு பேர் சேர்ந்து செய்வது நலம். ஒருத்தி பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிப் பிடிக்க, மற்றொருத்தி பெடலைக் கையால் மெல்லச் சுற்றி லீவரை மாற்றட்டும். துப்பட்டாவையும் பின்னலையும் முடிந்துகொள்ளுங்கள். ஓடும் செயினருகே விரலைக் கொண்டுபோகாதீர்கள்.

1. துடைத்துப் பார்த்தல். செம்மண் புழுதியும் பழைய எண்ணெயும் சேர்ந்து பல்வட்டங்களின் இடுக்கில் களிபோல் அடைந்திருக்கும். பழைய துணியாலும் பல் துலக்கும் பிரஷாலும் அதனை நீக்குங்கள். சில வண்டிகள் இவ்வளவிலேயே சரியாகிவிடும்.

2. ஒயர். பெரிய வட்டத்திற்கு ஏறுகிறது, ஆனால் சிறிய வட்டத்திற்கு இறங்கத் தாமதிக்கிறது எனில், முதலில் ஒயரைச் சந்தேகியுங்கள். காரணத்தை எண்ணிப் பாருங்கள். ஏற்றும்போது நம் கைவலிமை இழுக்கிறது. இறக்கும்போது சின்ன ஸ்பிரிங் மட்டுமே இழுக்கிறது. உறைக்குள் துரு இருந்தால் கைக்குத் தெரியாது, ஸ்பிரிங்குக்குத் தெரியும். உறை எங்கேனும் மடிந்துள்ளதா, ஒயர் முனையில் இழை பிரிந்துள்ளதா என்றும் பாருங்கள். ஒயரும் உறையும் மாற்றுவது கியர்ப் பழுதுகளில் மிக மலிவான மருந்து.

3. தாங்கும் காது. செயின் மாற்றி, சட்டத்தின் வலப்புறம் காதுபோல் நீண்டிருக்கும் ஓர் இரும்பில் திருகப்பட்டுள்ளது. வண்டி வலப்புறமாக விழுந்தால் இக்காது உட்புறம் வளைந்துவிடும். வண்டியின் பின்னே குனிந்து நின்று பாருங்கள். செயின் மாற்றியின் இரண்டு சிறு சக்கரங்களும் பல்வட்டத்திற்கு நேர் கீழே ஒரே செங்குத்துக் கோட்டில் இருக்க வேண்டும். கீழ்ச் சக்கரம் ஸ்போக்ஸ் கம்பிப் பக்கம் சாய்ந்திருந்தால் காது வளைந்துள்ளது என்று பொருள். இதனைக் கண்டால் ஓட்டாதீர்கள். செயின் மாற்றி ஸ்போக்ஸில் சிக்கினால் சக்கரமே நின்று ஓட்டுபவர் தூக்கி எறியப்படலாம். நிமிர்த்துவதோ மாற்றுவதோ கடைக்காரர் வேலை.

4. திருகி அளவாக்கல். ஒயர் உறை செயின் மாற்றிக்குள் நுழையும் இடத்தில், விரலால் திருகக்கூடிய ஒரு சிறு குமிழ் உண்டு. செயின் பெரிய வட்டத்திற்கு ஏறத் தயங்கினால், பின்னாலிருந்து பார்க்கையில் அக்குமிழைக் கடிகார முள்ளுக்கு எதிராக அரைச் சுற்று திருப்புங்கள், ஒயர் இறுகும். சிறிய வட்டத்திற்கு இறங்கத் தயங்கினால், ஒயர் துருவின்றி நன்றாக இருப்பின், கடிகார முள் திசையில் அரைச் சுற்று. ஒவ்வொரு அரைச் சுற்றுக்கும் சோதித்துப் பாருங்கள். அருகிலுள்ள இரண்டு சிறு ஸ்குருக்களைத் தொட வேண்டாம். செயின் வட்டங்களைத் தாண்டி இருபுறமும் விழாமல் தடுக்கும் வேலிகள் அவை. செயின் உண்மையாகவே வெளியே விழுந்தால் மட்டும் அவற்றைக் கடைக்காரர் திருத்தட்டும்.

5. செயின் தேய்மானம். பெடலை அழுத்தி மிதிக்கும்போது செயின் 'டக்' என்று குதித்தால், தேய்மானத்தை அளக்க வேண்டும். புதிய செயினில் ஒரு பின் தொடங்கி இருபத்து நான்காம் பின் வரை சரியாக 12 அங்குலம் இருக்கும். இரும்பு டேப்பால் அளந்து பாருங்கள். பதினாறில் ஒரு பங்கு அங்குலம் கூடியிருந்தால் செயினை மாற்றும் காலம் வந்துவிட்டது. எட்டில் ஒரு பங்கு அங்குலம் கூடியிருந்தால் பல்வட்டங்களும் தேய்ந்திருக்கும். அப்போது செயினை மட்டும் மாற்றினால் புதிய செயின் பழைய பற்களில் குதிக்கும். காலத்தில் செயினை மாற்றுபவர் பிரீவீலைக் காப்பாற்றுகிறார்.

இந்த ஐந்தையும் முடித்த பின்னும் குறை தீரவில்லை எனில், செயின் மாற்றியைப் பிடித்து அசைத்துப் பாருங்கள். அதன் மூட்டுகள் லொடலொடவென ஆடினாலோ, ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலோ, சிறு சக்கரங்களின் பற்கள் கூர்மையாகித் தேய்ந்திருந்தாலோ, அது தன் ஆயுளை முடித்துவிட்டது. புதியது வாங்குவது இப்போது நியாயம்.

உயர்ந்த ரகம் போடலாமா?

பழுது ஒன்று, ஆசை ஒன்று. இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். துருப்பிடித்த ஒயரில் எவ்வளவு உயர்ந்த செயின் மாற்றியை மாட்டினாலும் அது பழையதைப் போலவே தயங்கும். புதிய கியருடன் கடைக்காரர் புதிய ஒயரும் போட்டுத் தருவார். குறை தீர்ந்ததும், கியர்தான் தீர்த்தது என்று நாம் நம்பிவிடுவோம். உண்மையில் தீர்த்தது அந்த ஒயராகவும் இருக்கலாம்.

பணம் கொடுக்கும் முன் மூன்று கேள்விகளை வரிசையாகக் கேட்போம்.

முதலாவது: காரணம் தெரிந்துவிட்டதா? மேற்கூறிய ஐந்து படிகளும் முடியவில்லை என்றால் விடை 'இல்லை' என்பதே.

இரண்டாவது: புதிய உறுப்பு மற்ற உறுப்புகளோடு பொருந்துமா? ஏழு வட்டப் பிரீவீலுக்கு ஏழு சொடுக்கு லீவர் வேண்டும். எட்டு வட்டத்திற்கு மாறினால் லீவரும் மாற வேண்டும். பின்சக்கரமே ஏற்காமற்போகவும் கூடும். ஒன்றை மாற்றப் போய் நான்கை மாற்றிய கதைகள் எல்லாக் கடைகளிலும் உண்டு.

மூன்றாவது: முழுச் செலவு என்ன? உறுப்பின் விலை, கூலி, சிலர் செய்வதுபோல் பெங்களூருக்குச் சென்று வாங்கினால் பயணச் செலவு, அன்று தந்தையோ தாயோ இழக்கும் ஒருநாள் சம்பளம் ஆகிய அனைத்தையும் கூட்டுங்கள். "சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்னும் பழமொழி இதற்கென்றே பிறந்ததுபோல் உள்ளது. மொத்தம் அந்த வண்டியின் இன்றைய மதிப்பில் பாதியைத் தாண்டினால் நிறுத்தி யோசிப்போம் என்பது எங்கள் கருத்து.

"மேடு ஏற முடியவில்லை, ஆகவே புதிய கியர் வேண்டும்" என்று கேட்கும் மாணவியர் ஒன்றைக் கவனிக்கவும். முன்னால் மூன்று வட்டமுள்ள வண்டியில், மிகச் சிறிய வட்டம் மேடு ஏறுவதற்கென்றே வைக்கப்பட்டது. முன் ஒயர் இறுகித் துருப்பிடித்து, செயின் நடு வட்டத்திலேயே நின்றுவிட்டால், வண்டியின் கியர்களில் மூன்றில் இரண்டு பங்கு இருந்தும் இல்லாதவை ஆகின்றன. நாம் விலை கொடுத்து வாங்க நினைக்கும் எளிய கியர் ஏற்கெனவே நம் வண்டியில் உறங்கிக்கொண்டிருக்கிறது. அதனை எழுப்ப வேண்டியது ஓர் ஒயர் மட்டுமே.

கியர் இல்லாத வண்டிக்கு என்ன வழி?

விலையில்லா மிதிவண்டிகள் கியர் இல்லாதவை. அவற்றில் முழுக் கியர் பொருத்த முயல வேண்டாம். சட்டத்தில் தாங்கும் காது இல்லை. பின்சக்கர அச்சில் ஏழு வட்டத்திற்கு இடமும் இல்லை. ஆனால் மலிவான ஒரு மாற்றம் உண்டு. 18 பல் பிரீவீலைக் கழற்றி 22 பல் பிரீவீல் போட்டால், ஒரு சுற்றுக்கு 4.9 மீட்டருக்குப் பதிலாக 4 மீட்டர் செல்லும். மேலே கண்ட அதே மேட்டில் ஒரு சுற்றுக்கு 143 ஜூல் என்பது 118 ஜூலாகக் குறையும். செயினில் ஓரிரு கண்ணி கூட்ட நேரலாம். சமதரையில் வேகம் சற்றுக் குறையும். அதற்கு ஒப்புக்கொள்பவர்களே இதனைச் செய்யட்டும். முதலில் உங்கள் வண்டியின் பற்களை எண்ணிப் பாருங்கள். ஏற்கெனவே 20 பல் இருந்தால் பயன் குறைவு.

கியரை விட முந்தியது பிரேக். இரண்டுக்கும் சேர்த்துப் பணம் இல்லையெனில் பிரேக் கட்டைக்கே முதலிடம். ஏற முடியாத மேட்டில் இறங்கித் தள்ளலாம். நிறுத்த முடியாத இறக்கத்தில் செய்வதற்கு ஒன்றுமில்லை.

நாள்தோறும் காக்கும் முறை

மேடு வருமுன் கியரை மாற்றுங்கள். மேட்டின் நடுவே பலமாக அழுத்திக்கொண்டு மாற்றாதீர்கள். மாற்றும் கணத்தில் பெடல் சுழல வேண்டும், ஆனால் அழுத்தம் மெல்லியதாக இருக்க வேண்டும். நின்ற வண்டியில் லீவரைத் திருகி விளையாடும் தம்பி தங்கையரைத் தடுங்கள். பள்ளியில் வண்டிகளை நெருக்கி நிறுத்தும்போது, பக்கத்து வண்டியின் பெடல் நம் செயின் மாற்றியில் இடித்துக் காது வளைகிறது. வலப்புறம் ஒரு சாண் இடம் விட்டு நிறுத்துவதை வகுப்பு வகுப்பாகப் பழக்கமாக்கினால், எல்லோருக்கும் செலவு குறையும்.

செயினுக்குத் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். அது 24 டிகிரி செல்சியசுக்குக் கீழே உறையத் தொடங்கும். ஓசூரின் மார்கழிக் காலையில் செயினில் அது மெழுகாகவே நிற்கும். மோட்டார் வண்டியின் பழைய ஆயில் புழுதியை அழைத்து வரும். தையல் இயந்திரத்திற்கு விடும் மெல்லிய எண்ணெயைக் கண்ணிக்கு ஒரு சொட்டு விட்டு, ஐந்து நிமிடம் கழித்து மேலே உள்ளதைத் துணியால் நன்கு துடைத்துவிடுங்கள். எண்ணெய் கண்ணியின் உள்ளே இருக்க வேண்டும். வெளியே இருந்தால் அழுக்குக்கே உதவும்.

செய்து பார்ப்போம்

அ. உங்கள் வண்டியின் முன் பற்களையும் பின் பற்களையும் எண்ணுக. சக்கரத்தில் சுண்ணாம்புக் கட்டியால் குறியிட்டு, ஒரு சுற்றில் எவ்வளவு தூரம் செல்கிறது என அளக்க. பெடல் ஒரு சுற்றுக்கு வண்டி செல்லும் தூரத்தைக் கணக்கிடுக.

ஆ. செயினின் இருபத்தைந்து பின்களை எண்ணி, முதற்பின்னிலிருந்து கடைசிப் பின் வரை அளக்க. அவற்றுக்கிடையே இருபத்து நான்கு இடைவெளிகள்; புதிய செயினில் 12 அங்குலம் என்பது இவ்விடைவெளிகளின் நீளமே ஆகும். முன்னே 'இருபத்து நான்காம் பின்' என்றது, தொடங்கும் பின்னை நீக்கி எண்ணும் கணக்கு என்பதைத் தெளிந்துகொள்க.

இ. கடையில் கேட்கும் விலையை உறுப்பு, கூலி என இரண்டாகப் பிரித்து எழுதி வாங்குக.

பெற்றோர்க்கும் ஒரு விண்ணப்பம். மகள் அழுக்குக் கையுடன் வண்டியருகே அமர்ந்திருந்தால் "உனக்கெதற்கு இது?" என்று எழுப்பிவிட வேண்டாம். நம் மாவட்டத்துத் தொழிற்சாலைகளில் பற்சக்கரங்களோடும் திருகுகளோடும் பெண்கள் பலர் பணிபுரிகின்றனர். காரணத்தைத் தேடி, அளந்து, பிறகு தீர்மானிக்கும் பழக்கம் கைக்கு வந்துவிட்டால், அது மிதிவண்டியோடு நின்றுவிடாது. நாளை அவள் வீட்டுக் கணக்கைப் பார்க்கும்போதும், இயந்திரத்தின் முன் நிற்கும்போதும் அப்பழக்கம் உடன்வரும். இன்றைக்கு அது செய்யும் உதவி எளியது: திங்கட்கிழமை காலையில் வண்டி ஓடும், முதல் மணிக்கு அவள் வகுப்பில் இருப்பாள்.